அறிக்கைகளை அரைக் கண்ணால் படிக்கிறோம்

சமயச் சகிப்பின்மை குறித்து ஐ.நா. அறிக்கையோ அமெரிக்க அரசின் ஆண்டறிக்கையோ வெளிவந்தால் நம்மவர் முதலில் தேடுவது நம் பெயரைத்தான். நாம் தாக்கப்பட்டதாக எழுதியிருந்தால், 'உலகமே ஒப்புக்கொண்டுவிட்டது' என்று வாட்ஸ்அப் குழுக்களில் பகிர்கிறோம். அதே அறிக்கையின் இன்னொரு பக்கம் ஒரு முஸ்லிம் நாட்டில் கிறிஸ்தவர்களோ இந்துக்களோ படும் துன்பத்தைச் சொன்னால், 'மேற்கின் சூழ்ச்சி' என்று ஒதுக்கிவிடுகிறோம்.

இத்தகைய கண்காணிப்பே வீண் என்று நாம் சொல்லவில்லை. அதன் பயனை நம் மொழி பேசும் இலங்கை முஸ்லிம்கள் நேரில் கண்டவர்கள். கொரோனாவில் இறந்தோரின் ஜனாஸாக்களை அடக்கம் செய்யவிடாமல், 2020இல் அந்நாட்டு அரசு கட்டாயமாக எரித்தது. பிறந்து இருபதே நாளான பச்சிளங்குழந்தையின் உடலும் தப்பவில்லை. உள்ளூர்க் குரல்கள் செவியேறவில்லை. ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர்கள் கண்டித்தனர். இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பும் கண்டித்தது. ஜெனீவாவில் மனித உரிமைகள் பேரவை கூடியிருந்த 2021 பிப்ரவரி இறுதியில் அடக்கத்துக்கு அனுமதி கிடைத்தது. அந்தப் புற அழுத்தத்துக்கு இதில் பங்கில்லை என்று எவரும் சாதிக்க முடியாது.

வல்லரசுகள் இதைத் தம் வசதிக்கு வளைக்கின்றன என்பதும் உண்மையே. 1998இன் சட்டப்படி சமய சுதந்திரத்தை அளக்கும் அமெரிக்கா, சவூதி அரேபியாவைப் பட்டியலில் சேர்க்கும். தடைகளிலிருந்து விலக்கும் அளிக்கும். எண்ணெயின் மகிமை! ஆனால் அடுத்தவரின் தராசைக் குறை சொல்லுமுன் நம்முடையதைப் பார்க்க வேண்டாமா?

2022 ஆகஸ்டு 31 அன்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் ஷின்ஜியாங் பற்றிய அறிக்கையை வெளியிட்டது. உய்குர் முஸ்லிம்கள் மீது நடந்தவை மானுடத்துக்கு எதிரான குற்றங்களாக அமையக்கூடும் என்றது. அதை விவாதிக்கலாமா என்பதற்குத்தான் அக்டோபரில் பேரவையில் வாக்கெடுப்பு, கண்டனத்துக்குக்கூட அல்ல. ஆதரவு 17, எதிர்ப்பு 19. தோற்றது. எதிர்த்து வாக்களித்தோரில் பாகிஸ்தான், இந்தோனேசியா, கத்தார், ஐக்கிய அரபு அமீரகம் ஆகியவை இருந்தன. போரிலும் பஞ்சத்திலும் உழலும் சோமாலியா விவாதம் வேண்டுமென்றது. செல்வமும் செல்வாக்கும் உள்ள நம் சகோதர நாடுகளுக்கு நா எழவில்லை.

அடுத்த ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாளன்று ஸ்டாக்ஹோம் பள்ளிவாசலுக்கு வெளியே திருக்குர்ஆன் எரிக்கப்பட்டது. நம் நெஞ்சும் எரிந்தது. ஜூலையில் பாகிஸ்தான் முன்வைத்த கண்டனத் தீர்மானம் பேரவையில் 28 வாக்குகளுடன் நிறைவேறியது, மகிழ்ந்தோம். சரியாக ஐந்து வாரம்தான் கழிந்திருந்தது. ஆகஸ்டு 16 அன்று, அதே பாகிஸ்தானின் ஜரன்வாலாவில், குர்ஆனை அவமதித்ததாக எழுந்த குற்றச்சாட்டைக் கேட்டுத் திரண்ட கூட்டம் 20க்கும் மேற்பட்ட தேவாலயங்களைச் சூறையாடித் தீயிட்டது. கிறிஸ்தவ ஏழைகளின் வீடுகளையும் விட்டுவைக்கவில்லை. அங்கே எரிந்தவற்றுள் அவர்களின் வேதநூல்களும் இருந்தன. ஸ்டாக்ஹோமில் வேதத்தை எரிப்பது வெறுப்பென்றால் ஜரன்வாலாவில் அதற்கு என்ன பெயர்?

'அது அறியாத கும்பலின் செயல்' என்பார்கள். நம் பள்ளிவாசல்களைத் தாக்குவோரும் கும்பல்தான். அப்போது நாம் அப்படிச் சொல்லி நகர்ந்துவிடுவதில்லை. சட்டத்தையும் காவல்துறையையும் வெறுப்புரையையும் கேள்வி கேட்கிறோம். சரியாகவே கேட்கிறோம். பாகிஸ்தானின் மத நிந்தனைச் சட்டத்தைப் பற்றிப் பேசியதற்காக 2011இல் பஞ்சாப் ஆளுநர் சல்மான் தாசீர் தம் மெய்க்காவலராலேயே சுடப்பட்டார். கொன்றவனுக்கு அந்நாட்டு வழக்கறிஞர்கள் சிலர் மலர் தூவினர். இதையும் கேள்வி கேட்டாக வேண்டும்.

தனக்கும் தன் பெற்றோருக்கும் எதிராயினும் நீதிக்குச் சாட்சியாக நிற்கும்படி அந்நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. அதை ஜும்ஆ மேடைகளில் எத்தனை முறை கேட்டிருப்போம்! அடுத்த அறிக்கை வரும்போது இந்தியா, இலங்கை பற்றிய பக்கங்களைப் பகிரும் கை, பாகிஸ்தான் பற்றிய பக்கத்தையும் அதே குழுவில் பகிரட்டும். பிள்ளைகளும் அந்தக் குழுவில் இருக்கிறார்கள்.