வாலில் ஒரு பெயர், சம்பளச் சீட்டில் இன்னொரு பெயர்



பிராந்திய விமானக் கம்பனிகளின் விமானிகளுக்கு என்ன சம்பளம், என்ன வேலை நிலைமை என்று இந்த இதழில் எழுதப்போறன் என்று போன கூட்டத்தில் சொன்னேன். "பைலட்மாருக்கு என்ன குறை? அவை எங்கட ஆக்களா?" என்று ஒரு தோழர் கேட்டார். சிரித்தோம், ஆனால் கேள்வி நியாயமானது. இது அதற்கான பதில்.

ரொறன்ரோவில் இருந்து ஒரு சின்ன ஊருக்கு எயார் கனடா டிக்கெட் எடுக்கிறீர்கள். விமானத்தின் வாலில் அதே மேப்பிள் இலை. ஆனால் டிக்கெட்டில் சின்ன எழுத்தில், இயக்குவது ஜாஸ் என்று இருக்கும். அமெரிக்காவிலும் இதே கதை. டெல்டா, யுனைட்டட், அமெரிக்கன் ஆகிய மூன்றும் தங்கள் பெயரில் ஓடும் சின்ன விமானங்களை ஸ்கைவெஸ்ட், ரிபப்ளிக், என்வோய் போன்ற கம்பனிகளிடம் குடுத்திருக்கின்றன. பெரிய கம்பனி டிக்கெட்டை விற்கும், நேர அட்டவணை போடும், ஒரு பறப்புக்கு இவ்வளவு என்று காசு குடுக்கும். சின்னக் கம்பனி ஆட்களை வைத்து விமானத்தை ஓட்டும். எங்கட வீட்டுத் தமிழில் இதற்குப் பெயர் கொந்தராத்து.

இந்த ஏற்பாட்டில் சின்னக் கம்பனியின் கையில் என்ன இருக்கு? டிக்கெட் விலை இல்லை. பெரும்பாலும் எரிபொருள் செலவும் இல்லை. மிஞ்சுவது ஆட்களின் சம்பளம். அடுத்த ஒப்பந்தம் கிடைக்க வேணுமென்றால் அதைத்தான் குறைத்துக் காட்ட வேணும்.

அதன் விலையை 2009 பெப்ரவரி 12 இரவு எல்லோரும் பார்த்தார்கள். நியூவர்க்கில் இருந்து பஃபலோவுக்குப் போன விமானம், எங்களுக்கு இரண்டு மணிநேரக் கார் ஓட்டத் தூரத்தில், ஒரு வீட்டின் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும் வீட்டில் இருந்த ஒருவரும் இறந்தார்கள். டிக்கெட்டில் இருந்த பெயர் கொன்டினென்டல், ஓட்டியது கோல்கன் எயார். விமானம் டாஷ் 8, எங்கட டவுன்ஸ்வியூவில் செய்தது. விசாரணையில் துணை விமானியின் வருடச் சம்பளம் 16,000 டொலர் சொச்சம் என்று முதலில் சொல்லப்பட்டது. கம்பனி பிறகு 24,000க்குக் கிட்ட என்றது. அவர் சியாட்டில் பக்கம் வசித்தார், வேலைத்தளம் நியூவர்க். முதல்நாள் இரவு முழுக்க நாட்டைக் கடந்து பறந்து வந்துதான் வேலையில் ஏறினார். கப்டனும் புளோரிடாவில் இருந்து வந்து போனவர். விபத்தின் காரணம் கப்டன் எச்சரிக்கைக்குத் தவறாக எதிர்வினை செய்தது என்றே விசாரணைச் சபை முடிவு செய்தது. களைப்பு இருவரையும் பாதித்திருக்கும் என்றும், எந்த அளவுக்கு என்று அளக்க முடியாது என்றும் எழுதியது.

இறந்தவர்களின் குடும்பங்கள் வாஷிங்டனை விடாமல் தட்டியதால் 2010இல் சட்டம் வந்தது. அதன்படி 2013 முதல் துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணிநேரப் பறப்பு அனுபவம் வேணும். 2014 முதல் இரண்டு வேலைகளுக்கு நடுவே 10 மணிநேர ஓய்வு கட்டாயம். கவனியுங்கள், சட்டம் ஓய்வைத் தொட்டது, அனுபவத்தைத் தொட்டது. கொந்தராத்தைத் தொடவில்லை. 1,500 மணிநேரம் சேர்க்கிற செலவும் பயிற்சிக் கடனும், ஒரு லட்சம் டொலர் அளவு, அந்தப் பிள்ளையின் தலையில்தான்.

சம்பளம் உண்மையில் ஏறியது 2022இல்தான். கோவிட் காலத்தில் பெரிய கம்பனிகள் மூத்த விமானிகளை முன்கூட்டியே ஓய்வுக்கு அனுப்பின. பயணிகள் திரும்பியபோது ஆள் இல்லை. அந்த ஜூனில் அமெரிக்கன் எயார்லைன்ஸுக்குச் சொந்தமான என்வோயும் பீட்மொன்ட்டும் முதல் வருடத் துணை விமானிக்கு மணிக்கு 90 டொலர், கப்டனுக்கு 146 டொலர் என்று கையெழுத்திட்டன. அதே முதலாளியின் மூன்றாவது கம்பனி பி.எஸ்.ஏ.யும் பின்னால் வந்தது. ஒரு முதலாளி, மூன்று கம்பனி, மூன்று ஒப்பந்தம். ஒருவரைக் காட்டி மற்றவரின் சம்பளத்தை இறக்குவதற்கு வசதியான அதே பிரிவு, ஆள் தட்டுப்பாடு வந்ததும் மேலே இழுத்தது. ஆனால் அந்த 90இல் மூன்றில் ஒரு பங்கு 2024 ஓகஸ்ட் வரைக்குமான தற்காலிகத் தொகையாகத்தான் எழுதப்பட்டது.

மணிக்கு 90 என்றவுடன் மயங்க வேண்டாம். அந்த மணி விமானம் நகரத் தொடங்கியதில் இருந்து நிற்கும் வரைக்கும்தான். பல ஒப்பந்தங்களில் உத்தரவாதம் மாதம் 75 மணிநேரம் அளவு; அப்படிக் கணக்குப் பார்த்தால் வருடம் 81,000. கதவடியில் நிற்கிற நேரம், பறப்புகளுக்கு நடுவே காத்திருக்கிற நேரம், ஹோட்டல் இரவு எல்லாம் அந்த 75க்கு வெளியே. அதனால் இரண்டு கம்பனியை ஒப்பிடும்போது மணிக்கு எவ்வளவு என்பதோடு நிற்காமல், வீட்டை விட்டு எத்தனை மணிநேரம், எது கணக்கில் வராது, ஒப்பந்தம் எப்ப முடியும் என்றும் கேளுங்கள்.

கடைசிக் கேள்வி முக்கியம். டெல்டாவுக்குச் சொந்தமான கொம்எயார் விமானிகள் 2001இல் 89 நாள் வேலைநிறுத்தம் செய்து நல்ல ஒப்பந்தம் வென்றார்கள். அதற்குப் பிறகான வருடங்களில் டெல்டாவின் சின்னப் பறப்புகள் மலிவான கம்பனிகளுக்குப் போயின. 2012இல் கொம்எயார் மூடப்பட்டது. பழைய 50 ஆசன விமானங்களும் ஒரு காரணம். ஆனால் தனியாக வென்றவர்களைச் சுற்றிப் போக முதலாளியிடம் பாதை இருந்தது என்பதே பாடம். இங்கே கனடாவில் எயார் கனடா விமானிகள் பத்து வருட ஒப்பந்தத்தில் இருந்து வெளியே வந்து, 2024இல் நான்கு வருடத்துக்கு ஏறக்குறைய 42% உயர்வு வென்றார்கள். அதே இலையைச் சுமக்கும் ஜாஸ் விமானிகளின் ஒப்பந்தம் 2035 வரை.

இப்ப தோழரின் கேள்விக்கு வாறன். என் அம்மா பியர்சனில் இரவு வேலையாக விமானங்களுக்குள் துப்புரவு செய்தவர். அதே விமானம், அதே வாசல், அதே வேலை. ஆனால் கொந்தராத்து கை மாறியபோது சட்டையில் இருந்த கம்பனிப் பெயர் மாறியது, சீனியோரிட்டி பூச்சியத்துக்கு வந்தது. பைலட்டின் சம்பளமும் அம்மாவின் சம்பளமும் ஒன்றில்லை, அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் இருவருக்கும் உண்மையான முதலாளி ஒரே ஆள்தான், அவர் பெயர் இருவரின் சம்பளச் சீட்டிலும் இல்லை.

2025 ஓகஸ்டில் எயார் கனடா விமானப் பணியாளர்கள் தரையில் செய்யும் வேலைக்கும் காசு கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது எங்களில் சிலர் பியர்சனில் பிக்கெட் வரிசையில் நின்றோம். அரசு திரும்பிப் போகச் சொல்லியும் அவர்கள் அசையவில்லை. அந்த வரிசையில் சீருடையோடு விமானிகளும் வந்து நின்றார்கள். வேலை முடிந்து போன துப்புரவுத் தொழிலாளர்கள் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு பஸ் பிடிக்கப் போனார்கள். அவர்களை அந்த வரிசைக்குள் கூப்பிட எங்களால் முடியும். அவர்களுடைய மொழி எங்கட வாயில் இருக்கு.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒரு வேலை: உங்கள் வீட்டில் விமான நிலையத்தில் வேலை செய்பவர் இருந்தால், கடந்த பத்து வருடத்தில் அவருடைய சம்பளச் சீட்டில் எத்தனை கம்பனிப் பெயர் மாறியது என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். அந்தப் பட்டியலில் இருந்து தொடங்குவம்.

தோழமையுடன்,
ஆசிரியர் குழுவுக்காக