தாள் வந்தது, செய்தி வரவில்லை

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

நீதிமன்றம் என்றதும் நம்மில் பலருக்குத் திரைப்படத்துக் கூண்டும் வக்கீலின் கறுப்பு அங்கியும் நினைவுக்கு வரும். எங்கள் வீட்டுக்கு அது மடித்த ஒரு தாளாக வந்தது.

அப்போது நான் பத்தாம் வகுப்பு. அப்பா கரும்பு வெட்ட வெளியூர் போயிருந்தார். புரோநோட்டு எழுதிக் கொடுத்து வாங்கிய கடனுக்காக முன்சீப் கோர்ட்டில் அவர் மீது வழக்கு. கோர்ட் சேவகர் கொண்டு வந்த சம்மனை அப்பாயி கைநாட்டு வைத்து வாங்கினார். சர்க்கார் காகிதம் பத்திரமாக இருக்கட்டும் என்று ரேஷன் கார்டோடு சேர்த்துத் தகரப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். கரும்புக் காடு முடிந்து அப்பா திரும்பியபோது அவருக்கும் அது நினைவில் இல்லை.

வாய்தா நாளில் பெயர் கூப்பிட்டார்கள்; ஆள் இல்லை. ஒருதலைத் தீர்ப்பு ஆயிற்று. எட்டு மாதம் கழித்து எங்கள் முக்கால் ஏக்கரை ஜப்தி செய்ய அமீனா வந்து, வரப்பில் தமுக்கு அடித்தபோதுதான் வழக்கு என்று ஒன்று நடந்ததே அப்பாவுக்குத் தெரிந்தது. கடனில் பாதிக்கு மேல் அவர் கட்டியிருந்தார். வரவுச் சீட்டுகளும் அதே தகரப் பெட்டியில்தான் இருந்தன!

அன்றிலிருந்து இந்தச் சட்டத்தைத் தேடிப் படித்தேன். சட்டம் கல்நெஞ்சம் கொண்டதன்று. 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 9ஆம் கட்டளை, 13ஆம் விதி, ஒருதலைத் தீர்ப்பை நீக்க வழி வைத்திருக்கிறது. சம்மன் முறைப்படி சேரவில்லை என்றோ, தக்க காரணத்தால் வர இயலவில்லை என்றோ பிரதிவாதி மெய்ப்பிக்க வேண்டும். செலவுத் தொகை கட்டச் சொல்லியோ வேறு நிபந்தனை விதித்தோ நீதிமன்றம் தீர்ப்பை நீக்கி, வழக்கை மறுபடி விசாரிக்கும்.

ஆனால் கெடு 30 நாள். 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி அந்த நாள்கள் தீர்ப்பு நாளிலிருந்து ஓடும். சம்மன் முறைப்படி சேராதவருக்கு மட்டுமே தீர்ப்பை அறிந்த நாளிலிருந்து ஓடும். எங்கள் சிக்கல் இங்கேதான். பிரதிவாதி ஊரில் இல்லாமல், விரைவில் திரும்பும் குறியும் இல்லாதபோது, குடும்பத்தில் வயது வந்தவர், ஆணோ பெண்ணோ, சம்மனை வாங்கலாம். ஆகவே அப்பாயியின் பெருவிரல் ரேகை விழுந்ததும் சம்மன் சேர்ந்துவிட்டது! தாள் சேர்ந்ததா என்று சட்டம் கேட்கிறது. செய்தி சேர்ந்ததா என்று கேட்கவில்லை.

கெடு கடந்தவர்க்கும் அதே சட்டத்தின் 5ஆம் பிரிவு இருக்கிறது. தக்க காரணம் காட்டினால் தாமதம் பொறுக்கப்படும். தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில், 1998இல், 883 நாள் தாமதத்தையே உச்சநீதிமன்றம் பொறுத்தது. நாள்களின் எண்ணிக்கை பெரிதன்று, காட்டும் காரணம் ஏற்கத்தக்கதா என்பதே பெரிது என்றது. அப்பாவின் மனுவும் செலவுத் தொகை கட்டும் நிபந்தனையோடு ஏற்கப்பட்டது. பிறகு நடந்த விசாரணையில் கட்டிய பணம் கழிந்தது; மீதியைத் தவணையில் தீர்த்தோம். நிலம் தப்பியது. ஆனால் கோர்ட்டுக்கு அலைந்த நாள்களின் கூலியைத் திருப்பித் தர எந்த விதியும் இல்லை.

கடன் கொடுத்தவர் மட்டும் காலமெல்லாம் காத்துக் கிடப்பதா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. வேண்டுமென்றே ஒளிந்து திரிவோரும் உண்டு. அதற்கும் 1976ஆம் ஆண்டுத் திருத்தம் விடை சொல்லியிருக்கிறது: விசாரணை நாளை அறிந்தும், வந்து பதில் சொல்லப் போதிய அவகாசம் இருந்தும் வராதவர், சம்மன் சேர்த்ததில் இருந்த சிறு குறையை மட்டும் காட்டித் தப்ப முடியாது. நான் கேட்பது ஒளிபவர்க்குச் சலுகை அன்று, அறியாதவர்க்கு அறிவிப்பு.

நிலத்தை ஜப்தி செய்யும்போது தமுக்கடித்தோ, வழக்கமான வேறு முறையிலோ அறிவிக்க வேண்டும் என்கிறது அதே நடைமுறைச் சட்டம். எடுத்துக்கொள்ள வரும்போது ஊருக்கே கேட்கிறது. பதில் சொல்லக் கூப்பிடும்போது மட்டும் ஏன் இத்தனை மெல்லிய குரல்? வராவிட்டால் நீங்கள் இல்லாமலே வழக்கு முடிவாகும் என்ற எச்சரிக்கை சம்மனில் இருக்கத்தான் செய்கிறது. அதைக் கொட்டை எழுத்தில், எளிய தமிழில் முதல் வரியாக அச்சிடலாம். சம்மன் கொடுப்பவர் அதை உரக்கப் படித்துச் சொல்லலாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கும், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும், வருமானம் குறைந்தவர்க்கும் இலவச சட்ட உதவி உண்டு. அதற்கான வட்ட அலுவலகத்தின் முகவரியை அடியில் போடலாம். இவற்றுக்குப் பெருஞ்செலவு ஆகாது.

அரசு செய்யும்வரை நாம் சும்மா இருக்க வேண்டுமா? இக்கல்லூரியில் என்னைப் போல் வீட்டின் முதல் பட்டதாரியாகப் போகிறவர்கள் எத்தனையோ பேர். நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் சாலை போடுகிறோம், மரம் நடுகிறோம். ஒரு மாலை வேளை, வீட்டில் படிக்காமல் கிடக்கும் தாள்களைக் கொண்டு வாருங்கள் என்று அந்த ஊராரைக் கூப்பிட்டுப் படித்துச் சொன்னால் என்ன?

இந்த விடுமுறையில் ஊருக்குப் போனதும் உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியைத் திறந்து பாருங்கள், நண்பர்களே. நம்மைப் படிக்க வைத்தவர்களுக்கு, அவர்கள் பெயருக்கு வந்த தாளையாவது படித்துச் சொல்வோம்.