மருந்து இருக்கிறது, எட்டவில்லை!

ஒரகடத்தில் ஆலைத் தொழிலாளி ஒருவருக்கு எட்டாம் நம்பர் பூட்ஸ் போய்ப் பத்தாம் நம்பர் தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். மோதிரம் இறுகுகிறது, தாடை நீள்கிறது, தலைவலி ஓயவில்லை. மணிமங்கலம் ஏரிப் பாசனத்தில் நடவு நடும் இளம்பெண்ணுக்கோ மாதவிலக்கு நின்று, கர்ப்பமில்லாமலே மார்பில் பால் கசிகிறது. ஊர் அவளை மலடி என்கிறது.

இரண்டுக்கும் மூலம் ஒரே இடத்தில் இருக்கலாம். மூளைக்கு அடியில் பட்டாணி அளவுள்ள பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி தோன்றி, ஹார்மோனை அளவின்றிச் சுரக்கிறது. பெரும்பாலும் இது புற்றுநோய் அல்ல; சாபமும் அல்ல. ஆனால் கட்டி பெருத்தால் கண் நரம்பை அழுத்தும். பக்கவாட்டுப் பார்வை போகும். மிஷின் முன் நிற்பவனுக்கு அதன் ஆபத்து தெரியும்.

பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின் கட்டிக்குப் பெரும்பாலும் கத்தி வேண்டாம். வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை காபர்கோலின் மாத்திரை சாப்பிட்டால், பெரும்பாலோருக்குக் கட்டி சுருங்கும், மாதவிலக்கு திரும்பும், பிள்ளையும் பிறக்கலாம். டாக்டரைக் கேளாமல் நிறுத்தக் கூடாது. (இந்தக் கட்டி ஆணுக்கும் வரும். பட்டம் சூட்டுவது மட்டும் பெண்ணுக்கு!) கைகால்களைப் பெருக்கவைக்கும் வளர்ச்சி ஹார்மோன் கட்டிக்கும், முகத்தை உப்பவைக்கும் குஷிங் நோய்க்கும் முதல் சிகிச்சை ஆபரேஷன். பெரும்பாலும் மண்டையைத் திறப்பதில்லை; மூக்கு வழியே எடுக்கிறார்கள். மிச்சமிருந்தால் மருந்து, கதிர்வீச்சு.

மூளை ஆபரேஷன் நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1949-ல் வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் ஜேக்கப் சாண்டியும், 1950-ல் சென்னைப் பொது ஆஸ்பத்திரியில் டாக்டர் பி. ராமமூர்த்தியும் அதற்கான பிரிவுகளைத் தொடங்கினார்கள். 1970-ம் வருஷத்துப் பேடண்ட் சட்டம் உள்நாட்டில் மலிவாக மருந்து செய்ய வழிவிட்டது. 2005-ல் அதைத் திருத்தி ஏகபோகத்துக்கு மீண்டும் கதவைத் திறந்தார்கள்.

இடறுவது ஆக்ட்ரியோடைட் ஊசி. ஆபரேஷனுக்குப் பிறகும் வளர்ச்சி ஹார்மோன் அடங்காதவர்களுக்கு இதை மாதம் ஒன்றாக, வருஷக்கணக்கில் போட வேண்டும். கூலிக் குடும்பத்தின் மாத வருமானத்தையே விழுங்கக்கூடிய விலை! 1948-ல் வந்த ஈ.எஸ்.ஐ. சட்டம் வயலில் உழைப்பவரைச் சேர்க்கவில்லை. ஆலைக்குள்ளும் கான்ட்ராக்ட்காரன் சந்தாவைக் கட்டாமல் ஏய்த்தால், நோய் வந்த அன்றுதான் தொழிலாளிக்கு விஷயம் தெரிகிறது.

விவசாயத் தொழிலாளரின் முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு இந்த ஊசி தடையின்றிக் கிடைக்க வேண்டும். தாலுகா ஆஸ்பத்திரியிலேயே ஹார்மோன் ரத்தப் பரிசோதனை இலவசமாக நடக்க வேண்டும். சர்க்காரிடம் நாம் கோருவது இதுதான். யூனியன் தோழர்கள் இந்த மாதமே ஒவ்வொரு கான்ட்ராக்ட் தொழிலாளியின் ஈ.எஸ்.ஐ. சந்தாக் கணக்கையும் சரிபார்க்க வேண்டும். பூட்ஸ் பற்றாத தோழனைக் கேலி செய்யாமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். ‘பிட்யூட்டரி’ என்று பெயர் சொல்லியே டாக்டரைக் கேளுங்கள்.