முட்டுக்கட்டைக்கு ஒரு வக்காலத்து

தமிழில் ஒருவனைத் திட்ட வேண்டுமானால், "அவன் ஒரு முட்டுக்கட்டை" என்று சொன்னால் போதும். நல்ல காரியம் எதுவும் நடக்கவிடாமல் குறுக்கே கிடப்பவன் என்று பொருள். மேடையில் பேசுகிறவர்களும் பத்திரிகையில் எழுதுகிறவர்களும் அந்தச் சொல்லை வசைச் சொல்லாகவே பழக்கிவிட்டார்கள். இன்று நான் அதற்காக வக்காலத்து வாங்குகிறேன். கட்சிக்காரரிடம் பணம் கிடையாது. எனக்கும் ஃபீஸ் வேண்டாம். எனக்கு ஒரு பழைய கடன் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் வைத்தியநாத சுவாமி குடிகொண்டிருக்கிறார். திருமலை நாயக்கரின் தீராத வயிற்று வலியை அவர் தீர்த்து வைத்தார் என்று ஊரில் சொல்லுவார்கள். அந்தப் பக்கத்தில் ஒரு சின்ன மரப்பட்டறை. பெயர் வேண்டாம். முதலாளி நல்ல மனிதர். கை சுத்தம், வாக்கும் சுத்தம். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் ராஜபாளையத்தில் குடியேறியிருந்த நான், அவரிடம் இரண்டு புத்தக அலமாரிகள் செய்யச் சொன்னேன். மொத்தம் பதினான்கு தட்டுகள். தட்டுக்கு இரண்டாக, அவற்றைத் தாங்க இருபத்தெட்டுச் சின்னக் கட்டைகள்.

"சனிக்கிழமை தந்திர்றேன் சார்" என்றார்.

"சனிக்கிழமை புதுச் சாமான் வந்தால் வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அண்ணாச்சி. வெள்ளிக்கிழமையே வேண்டும்" என்றேன்.

வெள்ளிக்கிழமையே அலமாரி வந்தது. இறக்கி வைத்தவர்களில் வழக்கமாக வரும் பையனைக் காணோம். கேட்டேன். வியாழக்கிழமை சாயங்காலம் கட்டைகளை அறுத்துக்கொண்டிருந்தபோது, இடது ஆள்காட்டி விரலில் இரண்டு கணு போய்விட்டதாம். பத்தொன்பது வயது. "இருபது கட்டை முடிச்சிட்டான் சார். இருபத்தொண்ணாவதுல இப்படி ஆயிருச்சு. விதி" என்றார் முதலாளி.

இப்போது அந்த அலமாரியில், மனிதனின் துயரத்தைப் பற்றி உலகத்தார் எழுதிய புத்தகங்கள் வரிசையாக நிற்கின்றன. அந்த வரிசையில் நான் எழுதியவையும் உண்டு. அவற்றைத் தாங்கும் இருபத்தெட்டுக் கட்டைகளில் இருபத்தொன்றாவது எது என்று பார்க்கிற பழக்கம் இன்னும் என்னை விடவில்லை.

விதி என்றாரே, அது என்ன விதி என்று விசாரிக்கத் தொடங்கினேன். விசாரித்ததில், அது பிரம்மா எழுதியதல்ல, சாதாரண யந்திர விதி என்று தெரிந்தது.

மேஜை ரம்பம் என்பது ஒரு மேஜை. நடுவில் ஒரு பிளவு. அந்தப் பிளவின் வழியே தலையை நீட்டிக்கொண்டு நிமிஷத்துக்கு மூவாயிரம் நாலாயிரம் தடவை சுழலும் வட்ட ரம்பம். சிறு பட்டறைகளில் கைரம்ப யந்திரத்தைத் தலைகீழாகப் பலகைக்கடியில் திருகி, அதையே மேஜை ரம்பமாக்கிக்கொள்வதும் உண்டு. நீளவாட்டில் கிழிப்பதற்கென்று மேஜையில் ஓர் ஓரச்சட்டம் இருக்கும். அளவு பிசகாமல் இருக்குமே என்று, சின்னக் கட்டையைக் குறுக்கே அறுக்கும்போதும் அந்தச் சட்டத்திலேயே அணைத்துக் கையால் தள்ளுகிறார்கள். வினை அங்கேதான் ஆரம்பமாகிறது. அறுபட்ட துண்டு ரம்பத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது. இம்மி கோணினாலும் போதும். ரம்பத்தின் முன்பக்கப் பற்கள் மரத்தை மேஜையோடு அழுத்துகின்றன. பின்பக்கப் பற்களோ மேல்நோக்கி எழுகின்றன. மாட்டிய துண்டை அவை தூக்கி, அறுக்கிறவன் மீதே எறிகின்றன. கட்டை பறந்துவிட்டது, அதைத் தள்ளிக்கொண்டிருந்த கை என்ன செய்யும்? தள்ளிய வேகத்திலேயே முன்னே போகும். முன்னே இருப்பது ரம்பம்.

இதற்கு மாற்று இல்லையா? இருக்கிறது. ஆங்கிலத்தில் 'கிராஸ்கட் ஸ்லெட்' என்கிறார்கள். 'ஸ்லெட்' என்றால் பனியில் சறுக்கிப் போகும் வண்டி. ராஜபாளையத்தில் பனிக்கு எங்கே போவது? நான் சறுக்குப் பலகை என்கிறேன். பட்டறையில் மிஞ்சிக் கிடக்கும் ஒரு பிளைவுட் பலகை. அதன் அடியில், மேஜையில் உள்ள பள்ளங்களில் ஆடாமல் ஓடும்படி இரண்டு ரீப்பர்கள். பள்ளமில்லாத மேஜையானால், மேஜையின் இரு ஓரங்களையும் அணைத்து ஓடும்படி இரண்டு சட்டங்கள். பலகையின் மேல், நமக்கு அருகில் ஒரு கனமான சட்டம், ரம்பத்துக்குச் செங்குத்தாக. அப்பால் இன்னொன்று, ரம்பம் ஊடறுக்கும் பலகை இரண்டாகப் பிரிந்துவிடாமல் பிடித்துக்கொள்ள. அறுக்க வேண்டிய மரத்தை அருகிலுள்ள சட்டத்தில் அணைத்து, பலகையோடு சேர்த்துத் தள்ள வேண்டியதுதான். மரமும் அது கிடக்கும் தரையும் ஒன்றாகவே நகர்கின்றன. மாட்டுவதற்கு ஓரச்சட்டமும் இல்லை. சின்னத் துண்டுகளை ஒரு குச்சியால் அழுத்திக்கொண்டால் கை ரம்பத்தின் பக்கமே போவதில்லை. ரம்பம் சட்டத்தை ஊடுருவி நம் பக்கம் எட்டிப்பார்க்கும் இடத்தில் ஒரு தடித்த கட்டையை ஒட்டிவிட வேண்டும்; கட்டைவிரல் அங்கே போகாமலிருக்க. நீளத்துக்கு ஒரு தடைக்கட்டை வைத்துவிட்டால் இருபத்தெட்டும் ஒரே அளவு.

சட்டம் செங்குத்தாக நிற்கிறதா என்று பார்க்க ஓர் அழகான சோதனை உண்டு. ஒரு சதுரப் பலகையின் நான்கு பக்கங்களையும் சுற்றிவர அறுக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் அப்போது அறுத்த பக்கத்தைச் சட்டத்தில் அணைத்து அடுத்த பக்கம். ஐந்தாவதாக, முதல் பக்கத்திலிருந்து மறுபடியும் ஒரு கீற்று. அந்தக் கீற்றின் இரண்டு முனைகளையும் அளந்தால், சட்டத்திலுள்ள பிசகு நான்கு மடங்காகத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத குற்றம் தானாகவே முன்வந்து ஒப்புக்கொள்ளும். பிறகு சட்டத்தைச் சற்றே திருப்பி முடுக்கினால் தீர்ந்தது. எல்லாம் சேர்ந்து அரை நாள் வேலை.

அரை நாள்! அப்படியானால் ஏன் செய்வதில்லை? நான் கேட்டவர்கள் எல்லாரும் மூன்று பதில்களையே மாற்றி மாற்றிச் சொன்னார்கள்.

முதல் பதில்: "அனுபவம் இருக்கு சார், கை பேசும்." வாஸ்தவம். ஆனால் இருபது கட்டைகளைப் பிசகாமல் அறுத்த அனுபவந்தானே இருபத்தொன்றாவதில் கண்ணை அசரவைத்தது? புதியவனைப் பயமாவது காப்பாற்றும். தேர்ந்தவனுக்கு அந்தத் துணையும் இல்லை.

இரண்டாவது, கலை ரசிகர்களின் பதில். கருவியைச் சார்ந்து நிற்பது கைவேலைக்கு இழுக்காம். நம் ஸ்தபதிகள் கண்ணையும் மனத்தையும் நம்பியே சாதித்தார்களாம். ஸ்தபதியின் பையைத் திறந்து பார்க்காதவர்கள் பேசுகிற பேச்சு இது. மூலைமட்டம் இருக்கும், தூக்குக்குண்டு இருக்கும், காவி தோய்த்த நூல் இருக்கும். கண்ணை நம்பாதவன்தான் கோபுரம் கட்டினான். கண்ணை நம்பினவன் கட்டியது எதுவும் நமக்கு மிஞ்சவில்லை.

மூன்றாவது பதில்தான் உண்மையான பதில்: "இதெல்லாம் வேலைக்கு முட்டுக்கட்டை சார்."

ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்து பாருங்கள். ஆண்டாளின் தேர் தமிழ்நாட்டின் பெரிய தேர்களுள் ஒன்று. ஆயிரக்கணக்கானவர்கள் வடம் பிடிக்கிறார்கள். கோஷம் வானைப் பிளக்கிறது. எல்லார் கண்ணும் மேலே. கீழே குனிந்து பாருங்கள். சக்கரத்தோடு சக்கரமாகச் சில பேர் நடந்துகொண்டிருப்பார்கள். அவர்கள் கையில் இருப்பதுதான் முட்டுக்கட்டை. எங்கே செருக வேண்டும், எப்போது உருவ வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். அந்தக் கட்டை இல்லாவிட்டால் தேர் வீதியில் திரும்பாது. வீட்டுச் சுவரில் ஏறும், இழுக்கிறவர்கள் மேல் ஏறும். ஊரே இழுக்கிற வேகத்துக்கு ஒரு மரத்துண்டு ஒழுங்கு கற்பிக்கிறது. அச்சாணியைப் பாடப் புலவர்கள் இருந்தார்கள். முட்டுக்கட்டைக்கு வாய்த்ததோ வசை ஒன்றுதான். சறுக்குப் பலகை, முட்டுக்கட்டையின் சொந்தத் தம்பி. அது வேலையை நிறுத்துவதில்லை; நேர்வழியில் நடத்துகிறது.

மரச்சட்டத்தைச் சொன்னேன், சர்க்கார் சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், ஆபத்தான யந்திரப் பாகங்களுக்கு வேலி வேண்டும் என்றது. ஆனால் மின்சாரத்தால் நடக்கும் இடத்தில் பத்துப் பேராவது வேலை செய்தால்தான் அந்தச் சட்டத்தின் கணக்கில் அது தொழிற்சாலையாக இருந்தது. மூன்று பேர் வேலை செய்யும் பட்டறையின் வாசலை அந்தச் சட்டம் எட்டிப் பார்க்கவில்லை. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் விரலுக்கு விலைப்பட்டியலே போட்டது. கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் சக்தியில் நூற்றுக்கு 30 நஷ்டம்; ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14; அதில் இரண்டு கணுவானால் 11; சுண்டு விரலுக்கு 7. நம் பையன் நூற்றுக்குப் பதினொன்று குறைந்தவன். துரோணர் இந்தக் கணக்கெல்லாம் பார்க்காமல் ஏகலைவனிடம் ஒரேயடியாக முப்பதைக் கேட்டு வாங்கிவிட்டார். அதையாவது குருதட்சிணை என்று சொல்லிக்கொண்டார். நாம் கேட்டது அவசரத்துக்குத் தட்சிணை.

இது நம் ஏழைநாட்டுக் கதை மட்டுமல்ல. அமெரிக்காவில் மேஜை ரம்பங்களால் நாளொன்றுக்குச் சுமார் பத்து உறுப்புத் துண்டிப்புகள் நேர்வதாக அந்நாட்டு நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கணக்கிட்டது. 1999-இல் ஸ்டீபன் காஸ் என்பவர், உடம்பின் ஸ்பரிசம் பட்ட கணத்திலேயே ரம்பத்தைச் சில மில்லி விநாடிகளில் நிறுத்தும் தடையைக் கண்டுபிடித்தார். பெரிய கம்பெனிகளிடம் கொண்டுபோனார். அவை ஏற்கவில்லை, கடைசியில் தாமே கம்பெனி தொடங்கினார். அங்கேயும் விரலைவிட விலைப்பட்டியல்தான் பெரிது. அந்த யந்திரம் நம் சிறு பட்டறைகளுக்கு எட்டாத விலை. சறுக்குப் பலகைக்கோ விலையே இல்லை. மிஞ்சிய பலகையும் அரை நாளும் போதும். அது சர்வரோக நிவாரணி என்று நான் சொல்லவில்லை. நீளவாட்டில் கிழிக்க அது உதவாது. அதற்குத் தள்ளுகோல் வேண்டும். பலகையிலும் கவனம் தப்பினால் ஆபத்துதான். ஆனால் மடத்தனமான ஒரு விபத்து, நடக்க வேண்டிய அவசியமே இல்லாத ஒரு விபத்து, அதனால் குறையும்.

அந்த அரை நாளைப் பட்டறைக்காரர் எங்கிருந்து எடுப்பார்? அதைத்தான் நாம் அவரிடம் விட்டுவைக்கவில்லை. பேரம் பேசி ஐம்பதைக் குறைக்கிறோம், நூறைக் குறைக்கிறோம். "நாளைக்கே வேண்டும்" என்கிறோம். கட்டில் கால் கோணினால் சண்டைக்குப் போகிறோம். அதைச் செய்த கை கோணியிருக்கிறதா என்று கேட்பதில்லை. நான் கேட்டதில்லை. அதுதான் என் கடன்.

வைத்தியநாத சுவாமி வயிற்று வலியைத் தீர்ப்பார். போன விரலை முளைக்கவைத்ததாக அவரைப் பற்றியும் யாரும் கதை சொல்லவில்லை. ஆகையால் காரியத்தை நாமே பார்க்க வேண்டியிருக்கிறது. அடுத்த தடவை மரவேலைக்கு முன்பணம் கொடுக்கும்போது, "அண்ணாச்சி, குறுக்கே அறுக்கச் சறுக்குப் பலகை இருக்கிறதா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இல்லையென்றால், "முதலில் அதைச் செய்துகொள்ளுங்கள், அந்த அரை நாள் கூலி என் கணக்கில்" என்று சொல்லுங்கள். நான் அப்படித்தான் மூன்றாவது அலமாரிக்குச் சொன்னேன்.

அது சனிக்கிழமைதான் வந்தது. வீட்டில் ஒன்றும் கெட்டுப்போய்விடவில்லை.