முஸ்தபாவோட குடலை உருவாதீங்க சாமி!

பழைய இரும்புக்கடையிலேர்ந்து ஒரு வீடியோ கேம் பெட்டியை வேங்கிக்கால் வீட்டுல கொண்டுவந்து இறக்கினப்ப அம்மா கேட்ட முதல் கேள்வி, "ஏண்டா, பீரோவா?"

பீரோ இல்லீங்க, முஸ்தபா! 1993ல காப்காம் வெளியிட்ட 'காடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்'. கேமோட பேரு யாருக்குங்க தெரியும்? அதுல வர்ற ஆளோட பேரைத்தான் நாம கேமுக்கே வச்சோம்.

சரி, மேட்டருக்கு வருவோம். பாக்க வந்த நண்பர்கள் அத்தனை பேரும் சொல்லி வச்ச மாதிரி ஒரே யோசனை. "உள்ள இருக்கிறதைத் தூக்கிப் போடு. ஒரு எல்சிடி, ஒரு ராஸ்பெர்ரி பை மாட்டு. ஆயிரம் கேம் ஓடும்." இதுக்குப் பேரு ரீஸ்டோர் பண்றதாம்! ஏங்க, தேரோட மரத்தை உருவிட்டு, லாரி எஞ்சினை வச்சு, மேல தேர்ச்சீலையை மட்டும் கட்டினா அதுக்குப் பேரு திருப்பணியா?

அந்தப் படம் 384க்கு 224 புள்ளிதான். ட்யூப்ல விழுந்தாதான் அது படம். பெரிய எல்சிடில இழுத்து விட்டா கட்டம் கட்டமா கோலப்புள்ளி மாதிரி நிக்கும். ஆயிரம் கேம் வேணும்னா வயரை வெட்டவே வேணாம். 1985லயே ஜம்மான்னு ஒரு பொது இணைப்பு வந்தாச்சு. ஒரு போர்டைக் கழட்டிட்டு வேற போர்டைச் சொருகினா வேற கேம்.

அதை விடுங்க. எனக்கு நிஜமா வலிக்கிறது வேற. எங்க பெட்டிக்கு உயிர் கொடுத்தவர் ஒரு டிவி மெக்கானிக் அண்ணன். மின்தேக்கிகளை மாத்தினார், விட்டுப்போன சால்டரை வச்சார். "தம்பி, கரண்டைப் புடுங்கினாலும் ட்யூப்ல ஆயிரக்கணக்குல வோல்ட் நிக்கும், கை வச்சிடாதீங்க"ன்னு திட்டித் திட்டியே வேலை பாத்தார். படம் வந்ததும் சொன்னார், "ட்யூப் வேலைன்னு யாரும் கூப்பிட்டு ரொம்ப வருஷம் ஆச்சு தம்பி."

நாம ஒவ்வொரு பெட்டியையும் குடலை உருவ உருவ, அவர் கைல இருக்கிற வித்தையையும் சேர்த்துத்தான் குப்பைல போடறோம். பிக்சர் ட்யூப்பைப் புதுசா செஞ்சு தர இனி ஆளில்லை. போனது போனதுதான்.

ட்யூப் சுத்தமா செத்துப்போச்சா? எல்சிடி வைங்க, தப்பே சொல்லல. ஆனா வேலை செய்யறதைக் கழட்டிப் போட்டுட்டு 'மீட்டெடுத்தேன்'னு மட்டும் சொல்லாதீங்க.

இன்னொண்ணு. ஆயிரம் கேம் இருந்தா எதையுமே அஞ்சு நிமிஷம் ஆடமாட்டோம். காசு தீர்ந்துடுமேங்கிற பயத்துல ஆடினதாலதான் முஸ்தபா இன்னும் ஞாபகத்துல இருக்கான். அதனால எங்க வீட்டுல இன்னமும் காசு போட்டாதான் ஆட்டம். அம்மாவுக்கும் அதே சட்டம்தான்.

டிஸ்கி: எல்சிடி மாட்டின நண்பர்கள் ஆட்டோ அனுப்ப வேண்டாம். பௌர்ணமி அன்னிக்கு கிரிவலம் வந்தா வீட்டுக்கு வாங்க, ஒரு ஆட்டம் ஆடிட்டு அப்புறம் சண்டை போடலாம்.