சந்தர்ப்பவாதக் கிருமிகளும் சந்தர்ப்பம் கொடுப்பவர்களும்

கடந்த மாதம் நடந்த தோட்டக் கமிட்டித் தலைவர், தலைவிமார் கூட்டத்தில் ஒரு தலைவி எழுந்து, தன் லயத்தில் இருக்கும் ஓர் அம்மாவின் காலைப் பற்றிச் சொன்னார். ஐம்பது வயதைக் கடந்தவர், கொழுந்து பறிப்பவர், சீனி வியாதிக்காரர். அட்டை கடித்த இடத்தைச் சொறிந்து அது புண்ணாகியது. தோட்டத்து மருந்துக் காம்பிராவில் ஐந்து நாளைக்கு அமொக்சிசிலின் கொடுத்தார்கள். ஆறவில்லை. மறுபடியும் அதே அமொக்சிசிலின். பிறகு டவுன் பாமசியில் கைக்காசு கொடுத்து வேறொரு மாத்திரை வாங்கினார்கள். அதன் பெயர் வீட்டில் யாருக்கும் தெரியாது. ஏழாவது வாரம் குளிர்காய்ச்சலோடு வைத்தியசாலைக்குத் தூக்கிக்கொண்டு போனபோதுதான் முதல்முறையாக அந்தச் சீழைத் தொட்டெடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார்கள். ரிப்போர்ட் வந்தது: சூடோமோனாஸ். அந்த ரிப்போர்ட் வருவதற்குள் இரண்டு கால்விரல்கள் போய்விட்டன.

தோழர்களே, சூடோமோனாஸ் என்ற கிருமிக்கு அமொக்சிசிலின் ஒருபோதும் மருந்தல்ல. அந்தக் கிருமி பிறவியிலேயே அதற்குப் பணியாதது. கூடை கூடையாகக் குடித்தாலும் பலனில்லை. ஏழு வாரமாக அந்த அம்மா நம்பிக்கையோடு விழுங்கிய குளிசைகளில் பெரும்பாலானவை அந்தக் கிருமியைப் பொறுத்தவரை வெறும் தண்ணீர். இதைக் கேட்டால் தோட்ட நிர்வாகம் என்ன சொல்கிறது? "நாங்கள் இலவசமாக மருந்து கொடுத்தோமே" என்கிறது. மருந்து கொடுத்தீர்கள், ஒப்புக்கொள்கிறோம். எந்தக் கிருமிக்குக் கொடுத்தீர்கள்?

வைத்திய நூல்களில் இந்த வகைக் கிருமிகளுக்குச் சந்தர்ப்பவாதக் கிருமிகள் என்று பெயர். சந்தர்ப்பவாதிகள் மலையகத்துக்குப் புதிதல்ல, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை லயத்து வாசலுக்கு வந்து போகிறவர்களை நாம் அறிவோம். ஆனால் இந்தக் கிருமிகள் எப்போதும் நம்மோடேயே இருக்கின்றன. ஸ்டெஃபிலோகொக்கஸ் மூக்கிலும் தோலிலும் இருக்கிறது. ஈ.கோலை, கிளெப்சியெல்லா இரண்டும் குடலில் இருக்கின்றன. சூடோமோனாஸ் ஈரமண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் இருக்கிறது. திடகாத்திரமான உடம்பை இவை பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. தோல் கிழிந்தால், சீனி கூடினால், சத்துக் குறைந்தால், பிள்ளை பெற்ற உடம்பு தளர்ந்திருந்தால் உள்ளே புகுந்துவிடுகின்றன.

அப்படியானால் சந்தர்ப்பத்தை உண்டாக்குவது யார்? மழையில் நாள் முழுவதும் நனைந்த கால், அட்டைக்கடி, கவ்வாத்துக் கத்தி பட்ட கை, கைகழுவத் தண்ணீரில்லாத மலை, ஓடை வழியும் லயத்து வாசல். கிருமி தானாக வந்ததுதான். வாசலைத் திறந்துவைத்தது கம்பனி.

பெண்களின் சங்கதியைத் தனியாகச் சொல்லவேண்டும். மலையில் மலசலகூடம் இல்லாத தோட்டங்களில் நமது தாய்மார் என்ன செய்கிறார்கள்? சிறுநீரை அடக்குகிறார்கள். அடக்கவேண்டி வருமே என்று காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறார்கள். பிறகு நீர்க்கடுப்பு, அடிவயிற்று வலி, காய்ச்சல். இதற்குப் பெரும்பாலும் காரணம் குடலில் இருக்கும் ஈ.கோலை. முன்பு சாதாரண மாத்திரைக்கு அடங்கிய இந்தக் கிருமியில் இன்று பல வகை, செஃபலோஸ்போரின் வகை மருந்துகளையே சிதைக்கும் நொதியைச் சுரக்கின்றன. கர்ப்பிணிக்கு இது வந்து சிறுநீரகம் வரை ஏறினால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. ஒரு சிறு போத்தலில் சிறுநீர் எடுத்து அனுப்பியிருந்தால் எந்த மருந்து கேட்கும் என்று தெரிந்திருக்கும். அதை யாரும் கேட்பதில்லை, அவளும் வெட்கத்தில் சொல்வதில்லை.

பரிசோதனை என்றதும் ஏதோ கொழும்பில் மட்டும் நடக்கிற மாயவித்தை என்று நினைக்கவேண்டாம். சுத்தமான பஞ்சுக்குச்சியால் புண்ணின் ஆழத்திலிருந்து சீழை எடுப்பார்கள். நுண்ணுயிர்க்கொல்லி கொடுக்கும் முன்பே எடுப்பதுதான் நல்லது. கொடுத்தபின் எடுத்தால் கிருமி பாதி மறைந்துகொள்ளும். அதைக் கிருமிக்கு உணவான கூழ் பரப்பிய தட்டில் தேய்த்து, உடம்புச் சூடான 37 பாகையில் ஓர் இரவு வைப்பார்கள். காலையில் தட்டில் கிருமிகள் புள்ளி புள்ளியாய்ப் பெருகியிருக்கும். நிறம், மணம், சாயம் ஏற்கும் விதம், சில இரசாயனச் சோதனைகள் இவற்றைக் கொண்டு இது இன்னார் என்று பிடிப்பார்கள்.

அடுத்த படிதான் முக்கியம். பிடிபட்ட கிருமியை இன்னொரு தட்டில் சீராகப் பூசி, அதன்மேல் சிறு கடதாசி வட்டுகளை வைப்பார்கள். ஒவ்வொரு வட்டிலும் ஒவ்வொரு மருந்து ஊறியிருக்கும். மறுநாள் பார்த்தால், கேட்கும் மருந்தைச் சுற்றிக் கிருமி வளராத வெற்று வளையம் இருக்கும். கேளாத மருந்தின் ஓரம்வரை கிருமி வளர்ந்திருக்கும். வளையத்தை மில்லிமீற்றர் கணக்கில் அளந்து எழுதுவார்கள். வைத்தியசாலைகளில் ஏ.பி.எஸ்.டி. என்று சொல்வது இதைத்தான். 1966இல் அமெரிக்காவில் பௌவர், கேர்பி முதலியோர் சீர்படுத்திய முறை. கடதாசி வட்டு, ஒரு தட்டு, ஓர் அளவுகோல், படித்த ஒரு கண். இரண்டு மூன்று நாளில் பதில். இரண்டு விரலின் விலை இவ்வளவுதான்.

செலவு அதிகம் என்று கம்பனி சொல்ல முடியாது. அரசாங்க வைத்தியசாலை ஆய்வுகூடத்தில் இந்தப் பரிசோதனைக்கு நாம் பணம் கட்டுவதில்லை. 2022 நெருக்கடியில் மருந்தும் ஆய்வுகூடப் பொருட்களும் தட்டுப்பட்டு, வெளியே வாங்கி வரச் சொன்ன காலத்தை மறக்கவில்லை. அதற்கு அரசாங்கத்திடம் கணக்குக் கேட்போம். ஆனால் தோட்டத்திடம் நாம் கேட்பது மிகச் சிறிது. மாதிரியை எடுக்கவேண்டும், ஐஸ் வைத்த பெட்டியில் போட்டு அன்றைக்கே அனுப்பவேண்டும். சிறுநீரை வெளியே வைத்தால் இரண்டு மணிநேரத்துக்குமேல் தாங்காது, குளிரில் வைத்தால் ஒரு நாள் தாங்கும். கொழுந்து வாடாமல் ஸ்டோருக்குப் போய்ச்சேர லொறியும் நேரமும் ஒழுங்குபண்ணத் தெரிந்த நிர்வாகத்துக்கு ஒரு போத்தலை அனுப்பத் தெரியாதா?

அடுத்து நம்மீது ஒரு பழி இருக்கிறது. "உங்கள் ஆட்கள்தான் மாத்திரையைப் பாதியில் நிறுத்துகிறார்கள், மிச்சத்தைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கிறார்கள், அதனால்தான் மருந்து கேட்பதில்லை." இதில் உண்மை உண்டு. லயத்தில் ஒரு வீட்டுக் குளிசை ஒன்பது வீட்டுக்கும் போகிறது. தடிமனுக்கும் சளிக்கும் அமொக்சிசிலின் கேட்டு நிற்கிறோம். அவை பெரும்பாலும் வைரஸால் வருபவை, அந்த மாத்திரை அவற்றை ஒன்றும் செய்யாது. குடலில் இருக்கும் அப்பாவிக் கிருமிகளைக் கொன்று, பணியாத கிருமிக்கு இடம் பிடித்துக் கொடுக்கும், அவ்வளவுதான். சங்கமும் சுத்தமில்லை. வைத்திய உதவியாளர் மாத்திரை தராமல் அனுப்பினார் என்று சண்டைக்குப் போன தலைவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். அன்று அவர் செய்தது சரியாகக்கூட இருந்திருக்கலாம்.

ஆனால் ஒருவர் ஏன் மூன்றாம் நாளே மாத்திரையை நிறுத்துகிறார் என்று கேட்டுப் பாருங்கள். காய்ச்சல் குறைந்ததும் பெரட்டுக்கு நிற்காவிட்டால் பேர் இல்லை. கிளினிக்குக்குப் போனால் அன்றைய சம்பளமும் பஸ் காசும் போகும். பாமசியில் துண்டு இல்லாமல் மாத்திரை விற்பது தவறு என்று சட்டம் சொல்கிறது. துண்டு எழுத வைத்தியர் மலையேறி வருவதில்லையே. தோட்ட வைத்திய உதவியாளரைக் குறைசொல்லவும் நாம் தயாரில்லை. அலுமாரியில் இரண்டு வகை நுண்ணுயிர்க்கொல்லியைக் கொடுத்துவிட்டு, எந்தக் கிருமி என்று பார்க்க வழி கொடுக்காமல் உட்காரவைத்தால், அவர் வேறென்ன செய்வார்? கண்ணைக் கட்டிக் கவ்வாத்து வெட்டச் சொன்ன கதைதான்.

2019இல் மட்டும் மருந்துக்குப் பணியாத பக்டீரியாக்களால் உலகில் சுமார் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் நேரடியாக இறந்தார்கள் என்று 2022இல் வெளியான ஆய்வு சொல்கிறது. இந்தக் கணக்கில் தோட்டங்கள் எவ்வளவு? பரிசோதிக்காத இடத்தில் கணக்கு ஏது. நமது மரணச் சான்றிதழில் காய்ச்சல் என்றோ இருதய நிறுத்தம் என்றோ எழுதிவிட்டால் விஷயம் முடிந்தது.

இன்னொன்றையும் சொல்கிறோம். மண்ணில் வாழும் பேர்கோல்டேரியா என்ற கிருமியால் வரும் மெலியோய்டோசிஸ் நோய் இலங்கையில் உண்டு. சீனி வியாதி உள்ளவர்களை அதிகம் பிடிக்கும். பொதுவாக ஜென்டாமைசினுக்குப் பணியாது. வாரக்கணக்கில் ஊசியும் மாதக்கணக்கில் மாத்திரையும் வேண்டும். ஆய்வுகூடத்திலேயே கவனமில்லாவிட்டால் வேறு கிருமியென்று தவறிப்போகும். இந்த நாட்டில் அது முதன்முதலாக எழுதிவைக்கப்பட்டது 1927இல், ஒரு ஐரோப்பியத் தேயிலைத் தரகருக்கு வந்தபோது. அந்த மனிதருக்குச் சோதனை நடந்தது, ஆகவே நோய்க்குப் பெயர் கிடைத்தது. அதே தேயிலையை மண்ணில் நின்று பறித்த எத்தனை பேருக்கு அது வந்தது என்று எந்த ஏட்டிலும் இல்லை.

2021இல் கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொண்டன. சம்பளத்தைப் பற்றி மட்டும்தான் பேச்சு என்று அதற்குப் பிறகு நம்மைப் பழக்கிவிட்டார்கள். அடுத்த பேச்சுவார்த்தையில் இதையும் மேசையில் வைக்கிறோம். ஒரு கிழமையில் ஆறாத எந்தப் புண்ணுக்கும், திரும்பத் திரும்ப வரும் நீர்க்கடுப்புக்கும், இரண்டாவது தடவை மாத்திரை கொடுக்கும் முன்பு மாதிரி எடுத்து அனுப்பவேண்டும். கிழமைக்கு இரண்டு நாளாவது அதற்கு வாகனம் வேண்டும். ரிப்போர்ட்டின் பிரதி தொழிலாளியின் கையில் தமிழ் விளக்கத்தோடு கிடைக்கவேண்டும். கிளினிக் நாளுக்குப் பேர் போடவேண்டும். மலைக்குத் தண்ணீரும் சவர்க்காரமும் மலசலகூடமும், கவ்வாத்துக்காரருக்குக் கையுறையும் வேண்டும்.

தலைவர், தலைவிமார் இம்மாத முடிவுக்குள் தத்தம் லயங்களில் இரண்டு கிழமைக்குமேல் ஆறாத புண் உள்ளவர்களிடம் அனுமதி கேட்டு, என்ன மாத்திரை, எத்தனை நாள், எங்கே வாங்கியது, சோதனை நடந்ததா என்ற விபரத்தை எழுதிவாருங்கள். வெறும் மாத்திரை அட்டை இருந்தால் எறியாமல் அதையும் கொண்டுவாருங்கள். நிர்வாகத்தோடு பேசப் போகும்போது அவற்றை மேசையில் கொட்டப்போகிறோம்.