மூச்சை அளப்பதிலும் பிறப்பா?



ஒரு கடைக்காரன் இரண்டு படிகளை வைத்துக் கொண்டு, ஒரு தெருவாருக்குப் பெரிய படியிலும் மற்றொரு தெருவாருக்குச் சின்னப் படியிலும் அரிசி அளந்து போட்டு, இரண்டுக்கும் "ஒரு படி" என்றே பேர் சொல்லிக் காசு வாங்குவானேயானால் அவனை நாம் சும்மா விட மாட்டோம். ஆனால், மனிதனுடைய மூச்சை அளக்கும் விஷயத்தில் இதற்கொப்பான காரியம் படித்த வைத்திய நிபுணர்களாலேயே நெடுங்காலமாக நடத்தப்பட்டு வந்திருக்கிறது. இதைப் பாமர மக்கள் அறிந்து கொள்ள வேண்டியது அவசியமென்று கருதியே இவ்வியாசத்தை எழுதுகிறோம்.

நாட்பட்ட நுரையீரல் வியாதி என்பது நாலு நாள் காய்ந்து விட்டுப் போகும் ஜுரத்தைப் போன்றதல்ல. புகையும் தூசியும் வருஷக் கணக்காக நெஞ்சுக்குள் புகுந்து, மூச்சுக் குழல் சுருங்கி, இருமலும் கோழையும் இளைப்புமாக மனிதனை நடைப்பிணமாக்குவது. இந்தியாவில் மாத்திரம் 1990ல் சுமார் 2 கோடியே 81 லட்சம் பேருக்கு இருந்த இவ்வியாதி, 2016ல் சுமார் 5 கோடியே 53 லட்சம் பேருக்கு இருந்ததாக மதிப்பிடப்பட்டிருக்கிறது. இப்படிப்பட்ட வியாதிக்குக் காரணமும் பரிகாரமும் கண்டுபிடிக்க வேண்டுமானால், முதலாவது எல்லா ஊர்களிலும் ஒரே விதமாகக் கணக்கெடுக்க வேண்டும். கணக்கு ஊருக்கு ஒரு விதமாயிருந்தால் ஆராய்ச்சிக்கு என்ன மதிப்பு?

இது வெறும் யூகமல்ல. பிரிட்டனைச் சேர்ந்த தென் வேல்ஸில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகளை வெவ்வேறு டாக்டர்கள் விசாரித்துக் குறித்த கணக்குகளை ஒப்பிட்டுப் பார்த்து, காக்ரேன் முதலியவர்கள் 1951ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இருமல் உண்டா, கோழை உண்டா என்பவை போன்ற சாதாரணக் கேள்விகளுக்கே டாக்டருக்கு டாக்டர் கணக்கு வெகுவாக மாறியிருந்தது. வித்தியாசம் தொழிலாளியின் நெஞ்சில் இல்லை. கேட்டவர்களுடைய வாயிலும் காதிலும் இருந்தது. அது மாத்திரமா? அக்காலத்தில் ஏறக்குறைய ஒரே மாதிரியான நோயாளியைப் பிரிட்டிஷ் டாக்டர் "பிராங்கைட்டிஸ்" என்பார். அமெரிக்க டாக்டர் "எம்பிசீமா" என்பார். இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதற்காகவே 1958ல் லண்டனில் நிபுணர்கள் கூடி, எந்தப் பேருக்கு என்ன பொருள் என்று வரையறுத்தார்கள். 1960ல் பிரிட்டிஷ் வைத்திய ஆராய்ச்சிக் கவுன்சில் ஒரு கேள்விப் பட்டியலை வெளியிட்டது. அச்சிட்ட கேள்வியை அச்சிட்டபடியே கேட்க வேண்டும், தன் இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்பது அதன் நிபந்தனை. பிறகு 2007ல் 12 ஊர்களில் ஒரே கேள்வி, ஒரே முறையிலான மூச்சளவு என்று நடத்தப்பட்ட ஆராய்ச்சியின் முடிவு வெளிவந்தது. சீனாவின் குவாங்சோவையும் ஆப்பிரிக்காவின் கேப்டவுனையும் ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடிந்தது என்றால் அது ஒரே முறையினால் கிடைத்த லாபமேயாகும்.

நிற்க, கேள்வியின் கதை இப்படியிருக்க, மூச்சை அளக்கும் கருவியின் கதையைப் பார்ப்போம். ஜான் ஹட்சின்ஸன் என்ற ஆங்கில டாக்டர் 2000 பேருக்கு மேற்பட்டவர்களை ஸ்பைரோமீட்டர் என்னும் கருவியில் ஊதச் செய்து 1846ல் தம் முடிவுகளை வெளியிட்டார். உயரம் அதிகமானால் மூச்சின் அளவும் அதிகம், வயது முதிர்ந்தால் குறைவு என்று கண்டார். இது நியாயமான விஷயம். உயரத்தையும் வயதையும் யாரும் அளந்து பார்த்துக் கொள்ளலாம். ஆனால் அக்கருவி அமெரிக்கா போய்ச் சேர்ந்ததும் என்ன ஆயிற்று? கறுப்பு மக்களை அடிமைகளாக வைத்திருந்த தென் நாட்டில் கார்ட்ரைட் என்னும் டாக்டர், கறுப்பருக்கு இயற்கையிலேயே மூச்சின் அளவு குறைவு என்றும், அடிமை வேலை அவர்கள் உடம்புக்கு நல்லது என்றும் 1851ல் எழுதினார்! அடிமைத்தனத்துக்கு வைத்தியச் சீட்டுக் கொடுக்கப்பட்டது இவ்வாறுதான். அடிமை முறை ஒழிந்த பிறகும், "கறுப்பருக்கு நுரையீரல் குறைவு" என்ற அபிப்பிராயம் மாத்திரம் ஒழியவில்லை. அது சூத்திரத்துக்குள் புகுந்து கொண்டது.

1978ல் அமெரிக்க சர்க்கார் பஞ்சாலைத் தூசி சம்பந்தமாகச் செய்த விதியில், வெள்ளைத் தொழிலாளிக்கு இருக்க வேண்டிய மூச்சளவில் 100க்கு 15 பங்கைக் குறைத்து அதையே கறுப்புத் தொழிலாளியின் சரியான அளவாகக் கொள்ள வேண்டுமென்று ஏற்படுத்தினார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரே வயது, ஒரே உயரமுள்ள இரண்டு பேரில் வெள்ளையருக்கு 4 லிட்டர் என்றால், கறுப்பருக்கு 3.4 லிட்டர் போதும்! பஞ்சுத் தூசியால் இருவருக்கும் 4 லிட்டர் 3.4 லிட்டராகக் குறைந்து போனால், வெள்ளையர் கணக்கில் நஷ்டம் தெரியும். கறுப்பரோ பூரண சுகமுள்ளவர் என்று குறிக்கப்படுவார். 1999ல் பால்டிமோர் நகரில் கல்நார்த் தூசியால் கெட்டுப் போன தொழிலாளிகள் நஷ்டஈடு கேட்ட வழக்கில், கறுப்பராயிருந்தால் வெள்ளையரை விட மூச்சு இன்னும் குறைந்திருந்தால்தான் வழக்கை எடுக்க வேண்டுமென்று ஒரு கம்பெனி கோர்ட்டாரைக் கேட்டது. சூத்திரம் யாருக்கு உபயோகப்படுகிறது என்பது இப்போது விளங்குகிறதல்லவா? கறுப்பரோடு இது நின்றுவிடவுமில்லை. 2005ல் வெளியான விதிமுறையில், அமெரிக்காவிலுள்ள ஆசியாக்காரருக்கும் 100க்கு 6 பங்கு குறைத்துக் கொள்ளும்படி சிபார்சு செய்யப்பட்டிருந்தது.

இதற்குச் சமாதானம் சொல்லுகிறவர்களும் உண்டு. "அளந்து பார்த்ததில் சராசரி குறைவாகத்தானே இருந்தது? உள்ளதைத்தானே எழுதினோம்?" என்கிறார்கள். சராசரி குறைவாகவே இருக்கட்டும். ஏன் குறைந்தது என்று கேட்டீர்களா? பிள்ளைப் பிராயத்தில் நல்ல ஆகாரம் உண்டா, குடியிருக்கும் இடத்தில் புகை எவ்வளவு, செய்த வேலையில் தூசி எவ்வளவு, சிறு வயதில் நெஞ்சு நோய் கண்டதா என்பவைகளைக் குறித்துப் பார்த்தீர்களா? இவற்றையெல்லாம் கேளாமல் "பிறப்பு" என்ற ஒரே கட்டத்தில் குறி போட்டு விட்டால், வறுமையால் வந்த குறைவு இயற்கையால் வந்த குறைவாகி விடுகிறது. காரணமே மறைந்து போன பிறகு பரிகாரம் எங்கிருந்து வரும்? பட்டினி போட்டு இளைக்க வைத்து விட்டு, "இவன் ஜாதிக்கே இளைத்த உடம்புதான்" என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

கடைசியில் 2023ல் அமெரிக்க மார்புநோய்ச் சங்கத்தார், இனம் பார்த்து அளவை மாற்றும் வழக்கத்தை விட்டுவிட்டு, எல்லோருக்கும் பொதுவான கணக்கையே உபயோகிக்க வேண்டுமென்று சிபார்சு செய்தார்கள். இதிலும் ஒரு சங்கடம் இருப்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. புதிய கணக்கின்படி, நேற்று வரை சுகமுள்ளவர் என்று எழுதப்பட்ட சிலர் இன்று நோயாளிகளாவார்கள். அதனால் சிலருக்குச் சிகிச்சையும் நஷ்டஈடும் கிடைக்கும். சிலருக்கு ஆப்பரேஷன் மறுக்கப்படலாம், வேலை கிடைக்காமலும் போகலாம். ஆகையால் ஒரு எண்ணை மாத்திரம் பார்த்து மனிதனைத் தீர்ப்புச் செய்யாமல், அவனுடைய வேலையையும் வாழ்வையும் நோய்க்குறிகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதற்காகப் பொய்ப் படியையே வைத்துக் கொள்ளலாம் என்பது நியாயமாகாது.

ஆகவே, நாம் சொல்வது இதுதான். கணக்கெடுப்பில் ஒரே முறை அவசியம் வேண்டும். கேள்வி ஒன்றாயிருக்கட்டும், கருவி ஒன்றாயிருக்கட்டும், ஊதச் செய்யும் விதமும் ஒன்றாயிருக்கட்டும். ஆனால் ஒரே முறை என்று பேர் வைத்து, அதற்குள்ளே பிறப்புக்கொரு படியை ஒளித்து வைப்பது ஒரே முறையாகாது. பிறப்பைக் கேட்கிற கட்டத்தை விட அடுப்பைக் கேட்கிற கட்டம் பெரிதாயிருக்க வேண்டும். பீடியையோ சிகரெட்டையோ கையால் தொட்டறியாத நம் பெண்கள் விறகும் வறட்டியும் எரிக்கும் அடுப்பின் முன் வருஷக் கணக்காக உட்கார்ந்து இதே வியாதிக்கு இரையாகிறார்கள். "புகை பிடிப்பதுண்டா?" என்று மாத்திரம் கேட்டு, "இல்லை" என்று எழுதிக் கொண்டு போகிற பட்டியலில் அவர்களுடைய புகை எங்கே எழுதப்படும்?

உங்கள் ஊருக்குக் கணக்கெடுக்க யாராவது வந்தால் மறுக்காமல் பதில் சொல்லுங்கள், கருவியில் ஊதுங்கள். அதோடு, எந்த அளவோடு எங்களை ஒப்பிடப் போகிறீர்கள் என்றும் தைரியமாகக் கேளுங்கள். அளக்கப்படுகிறவனுக்குப் படியைப் பார்க்கும் பாத்தியதை உண்டு.